முதலில் படகுத்துறை, கடைசியில் பேட்டரி: சிறுதூரப் பயணிகள் படகை மின்சாரத்துக்கு மாற்றுவது எப்படி?

என்னிடம் வரும் படகு முதலாளிகள் அநேகமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை யூனிட் பேட்டரி போடணும் சார்?" என்பதுதான். (யூனிட் என்பது மின்கட்டண ரசீதில் வரும் அதே கிலோவாட்-மணி.) நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் படகு ஒவ்வொரு துறையிலும் எத்தனை நிமிடம் கட்டிக் கிடக்கிறது? எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், டீசல் மாதம் எத்தனை லிட்டர், எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் மாலுமியின் முகத்தைப் பார்ப்பார்கள். மின்படகின் விலையில் பாதியை அந்த நிமிடங்கள்தான் தீர்மானிக்கின்றன.

நான் குளச்சல்காரன். சரக்குக் கப்பல்களிலும், அப்புறம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் சப்ளை கப்பல்களிலும் மின் அதிகாரியாக ஓடிவிட்டு, இப்போது கொச்சியில் படகுகளின் மின்வேலை பார்க்கிறேன். கீழே இருப்பது, மாற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பவரோடு நான் உட்கார்ந்து போடும் அதே கணக்கு. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஜிபிஎஸ் உள்ள போன் போதும்.

ஒரு வாரம் துறையில் உட்காருங்கள்

முதல் வேலை, எதையும் வாங்காமல் குறிப்பெடுப்பது. படகு கயிறு அவிழ்க்கும் நேரம், அக்கரையில் கயிறு போடும் நேரம், ஏறியவர்களின் எண்ணிக்கை, ஏற்றமா வற்றமா, காற்று எந்தப் பக்கம். இதை ஒவ்வொரு நடைக்கும் எழுதுங்கள். அச்சடித்த நேர அட்டவணையை நம்பவேண்டாம். 15 நிமிடம் நிற்கும் என்று பலகையில் இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் 5 நிமிடம்கூட நிற்காது. சார்ஜ் செய்யக் கிடைப்பது அந்த 5 நிமிடம்தான்.

அடுத்து டீசல். காலையில் டேங்கில் அளவுகோல் விட்டுப் பாருங்கள், இரவில் மறுபடி பாருங்கள். வித்தியாசத்தை நடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கடவைக்கு, அதாவது ஒருமுறை அக்கரை போக, எத்தனை லிட்டர் என்று வரும். இதில் ஒரு திருத்தம் உண்டு. பல படகுகளில் துறையில் நிற்கும்போதும் எஞ்சினை அணைப்பதில்லை. அப்படி வெறுமனே எரிந்த டீசலைக் கழித்துவிடுங்கள், மோட்டாருக்கு அந்தச் செலவு கிடையாது.

எஞ்சின் தகட்டில் எழுதியிருக்கும் குதிரைத்திறனைப் பார்த்து மோட்டார் தேர்ந்தெடுக்கவே கூடாது. 150 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள படகு அன்றாட வேகத்தில் அதில் பாதியைக்கூட இழுக்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தத் தகட்டை வைத்து 110 கிலோவாட் மோட்டாருக்கு விலைப்புள்ளி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கேட்டவர் கேட்டதைக் கொடுக்கிறார்கள்.

கைக்கணக்கு

ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 100 பேர் ஏறலாம், 3 கிலோமீட்டர் கடவு, 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) வேகம். துறையை விடுவது, அணைவது எல்லாம் சேர்த்து 15 நிமிடம். ஒவ்வொரு கரையிலும் 15 நிமிடம் நிற்கிறது. நாளைக்கு 24 கடவைகள். ஒரு கடவைக்கு 4 லிட்டர் டீசல்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. நடுத்தர வயது படகு எஞ்சினில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தண்டுக்கு வந்து சேரும். ஆக லிட்டருக்கு 3.3 யூனிட், கடவைக்குச் சுமார் 13 யூனிட். பேட்டரிக்கும் தண்டுக்கும் இடையே இன்வெர்ட்டரிலும் மோட்டாரிலும் பத்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்து, விளக்கு, பம்ப், ரேடியோ எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட்டினால் 16 யூனிட். ஒரு நாளைக்கு 384.

இப்போது மூன்று வழிகள். முதலாவது, இரவில் மட்டும் சார்ஜ் செய்வது. பேட்டரியை முழுதாகக் காலி செய்யக்கூடாது, முழுதாக நிரப்பியும் வைக்கக்கூடாது, வயதானால் கொள்ளளவும் குறையும். அதனால் 70 சதவீதம்தான் கைக்கு வரும் என்று வைத்தால் 550 யூனிட் பேட்டரி வேண்டும். கப்பலில் போடும் பேட்டரித் தொகுதி, சட்டம், குளிரூட்டல் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 12 கிலோ என்று பிடித்தால் ஆறரை டன். ஆளுக்கு 75 கிலோ என்றால் 88 பேர் எடை! எஞ்சினையும் டீசலையும் இறக்கியதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அப்படியும் 100 பேர் படகில் இது ஓடாது.

இரண்டாவது, காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை ஒன்றரை மணிநேரம் நிறுத்தி சார்ஜ் செய்வது. 8 கடவைக்கு ஒரு தொகுப்பு, 128 யூனிட். 200 யூனிட் பேட்டரி போதும், எடை இரண்டரை டன்னுக்குள். சார்ஜர் 90 கிலோவாட் அளவில். ஆனால் அந்த ஒன்றரை மணிநேரம் ஆட்களை யார் ஏற்றுவது? மாற்றுப் படகு இருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி.

மூன்றாவது, ஒவ்வொரு முறை வீட்டுத்துறைக்கு வரும்போதும் போன பேட்டரியை நிரப்பிவிடுவது. போய்வர 32 யூனிட். நிற்கும் 15 நிமிடத்தில் செருகவும் கழற்றவும் 3 நிமிடம் கழித்தால் 12 நிமிடம். 32 யூனிட்டை 12 நிமிடத்தில் ஏற்ற 160 கிலோவாட் வேண்டும். பேட்டரி 120 யூனிட் இருந்தால் நிம்மதி. இரு கரையிலும் சார்ஜர் வைத்தால் ஆளுக்கு 80 கிலோவாட்.

அதே படகு, அதே ஆறு. 550, 200, 120. துறையில் நிற்கும் நேரத்தை ஏன் முதலில் கேட்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். இந்த மாதிரிப் படகுகளில் இழுக்கும் திறன் தோராயமாக வேகத்தின் மும்மடியில் ஏறும். 8 நாட்டிலிருந்து 7 நாட்டுக்கு இறங்கினால் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஓடும் நேரம் கூடுவதால் மொத்த மின்சாரத்தில் மிச்சம் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. 3 கிலோமீட்டரில் இதற்காக இழக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே. பயணிகள் யாரும் கவனிக்கமாட்டார்கள். படகைச் செலுத்தும் சிராங்குதான் முகம் சுளிப்பார், ஏனென்றால் அக்கரை தனியார் படகு அவரை முந்திக்கொண்டு போகும். வேகத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளாத முதலாளிக்கு நான் பேட்டரிக் கணக்கே போட்டுத் தருவதில்லை.

வைக்கத்தைப் போய்ப் பாருங்கள்

பெரியாரின் போராட்டத்தால் நமக்குத் தெரிந்த அதே வைக்கம்தான். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவு போகிறது 'ஆதித்யா'. கேரள நீர்ப்போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் ஓட்டத் தொடங்கிய சூரிய மின்படகு, இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. கட்டியது கொச்சியின் நவால்ட் நிறுவனம். 75 பயணிகள், இரண்டரை கிலோமீட்டர், கால்மணி நேரம்.

எண்களைக் கவனியுங்கள். 20 கிலோவாட் மோட்டார் இரண்டு, கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், பேட்டரி வெறும் 50 யூனிட். இரண்டு மோட்டாரையும் முழுத் திறனில் கால்மணி நேரம் ஓட்டினால்கூட 10 யூனிட்டைத் தாண்டாது. வழக்கமான வேகத்தில் அதைவிட நன்றாகக் குறையும். எப்படி? இரட்டை உடல், ஒல்லியான அடிப்பகுதி, குறைந்த எடை, 6 நாட் அளவிலான வேகம். முதலில் படகை இலேசாக்கினார்கள், பிறகு பேட்டரியைத் தேடினார்கள். கனத்த பழைய ஒற்றை உடல் படகில் பேட்டரி மட்டும் ஏற்றுகிறவருக்கு இந்த எண்கள் வராது. உடல் பழையது, பலகையோ தகடோ மாற்றும் வயது வந்துவிட்டது என்றால், அதற்குள் புது மோட்டார் போடுவதை விட்டுப் புதுப் படகுக்குக் காசு சேர்ப்பது மேல்.

சூரியத் தகட்டில் இன்னொரு விஷயம். நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று பிடிக்கலாம். 20 கிலோவாட்டுக்கு 80. மேலே நான் எடுத்த படகுக்கு 384 வேண்டும். ஆகவே கூரை முழுதும் தகடு போட்டாலும் அது துணைதான். ஆடி மாத மழையில் அந்தத் துணையும் பாதி நாள் வராது.

கரையில் மின்சாரம் எங்கிருந்து?

படகுத்துறைகள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பியின் கடைசி முனையில் இருக்கின்றன. டீக்கடை ஃபிரிட்ஜும் துறை விளக்கும் எரியும் லைனில் 160 கிலோவாட் கேட்க முடியாது. உயரழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்பார்மர் என்று போகும். அதோடு மாதத்தின் உச்சத் தேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒரே ஒருநாள் அதிகமாக இழுத்தாலும் அந்த மாதக் கட்டணம் அதை வைத்துத்தான் வரும். விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். படகு தயாராகி, கம்பிக்காகக் காத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நார்வேக்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். 2015இல் சோக்னே ஃபியோர்டில் லாவிக், ஓப்பெடால் என்ற இரு ஊர்களுக்கிடையே 'ஆம்பேர்' ஓடத் தொடங்கியது. கார் ஏற்றும் பெரிய படகுகளில் முழுக்க பேட்டரியில் ஓடிய முதலாவது. 120 கார்கள், 5.7 கிலோமீட்டர், 20 நிமிடம், படகில் சுமார் 1,000 யூனிட் பேட்டரி. இரு ஊரும் சின்ன ஊர்கள், அங்குள்ள மின்கம்பி அந்தச் சுமையைத் தாங்காது. எனவே இரு கரையிலும் தனியே பேட்டரிகளை வைத்துவிட்டார்கள். கம்பி மெதுவாக நாள் முழுதும் கரைப் பேட்டரியை நிரப்பும். படகு வந்ததும் அது வேகமாகப் படகுக்குக் கொடுத்துவிடும். கரையில் எடை ஒரு பிரச்சினை இல்லை, ஆகவே அங்கே மலிவான, கனமான பேட்டரி போதும். நம் காயல் துறைகளுக்கு அப்படியே பொருந்துகிற ஏற்பாடு இது.

செருகும் விதம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தினமும் தொல்லை கொடுப்பது அதுதான். நீர்மட்டம் ஏறி இறங்குகிற இடத்தில் மேலே கல்துறையில் சார்ஜர் இருந்தால், தடித்த கேபிளை லஸ்கர் (படகுப் பணியாள்) ஒருவர் மழையில் இழுத்துக்கொண்டிருப்பார். கொச்சி நகரின் மின்படகுச் சேவையான வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் துறைகள், படகோடு சேர்ந்தே ஏறி இறங்கும். டென்மார்க்கின் ஹெல்சிங்ஓருக்கும் ஸ்வீடனின் ஹெல்சிங்போரிக்கும் இடையே ஓடும் 'டைகோ பிராஹே', 'அரோரா' ஆகிய கப்பல்களுக்கு ஆளே தொடாமல் ரோபோக் கை வந்து செருகும். அங்கே டென்மார்க் கரையில் சார்ஜுக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். கையால் செருகினால் அதில் பாதி போய்விடும். நமக்கு ரோபோ வேண்டாம். ஒரு கேபிள் தாங்கும் கிரேனும், மேலே கூரையும் இருந்தால் போதும்.

எந்தப் பேட்டரி?

இந்த இடத்தில்தான் பேட்டரி. லித்தியம் பேட்டரியில் மூன்று வகைகள் காதில் விழும், உள்ளே இருக்கும் வேதிப்பொருளை வைத்து வந்த பெயர்கள். என்எம்சி இலேசானது, சூடானால் கோபக்காரன். எல்எஃப்பி சற்றுக் கனம், விலை குறைவு, வெப்பத்தில் அதைவிட நிதானம். எல்டிஓ மிகக் கனம், மிக விலை, ஆனால் சில நிமிடங்களில் நிரப்பலாம், பல ஆயிரம் முறை நிரப்பினாலும் தளராது.

தேர்வை எண்களே செய்யட்டும். தொகுப்புகளுக்கு நடுவே நிறுத்தி மெதுவாக நிரப்பும் இரண்டாவது வழிக்கு எல்எஃப்பி. ஒவ்வொரு முறை போய்வந்ததும் வேகமாக நிரப்பும் மூன்றாவது வழியில் நாளைக்கு 12 சார்ஜ், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 3,600 சார்ஜ். அங்கே எல்டிஓ கணக்குக்கு வரும். கொச்சி வாட்டர் மெட்ரோவின் 100 பேர் படகுகளுக்கு எல்டிஓவைத்தான் எடுத்தார்கள். விலைப்புள்ளி கேட்கும்போது இன்றைய விலையோடு, ஆயுள் முடிந்ததும் மாற்ற என்ன விலை, எத்தனை சதவீதம் கொள்ளளவு குறைந்தால் உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மிச்சம் எவ்வளவு? டீசல் லிட்டர் 95 ரூபாய் என்றால் கடவைக்கு 380. மின்சாரம், சார்ஜ் இழப்பையும் சேர்த்து 18 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்று பிடித்தால் 162. நாளைக்கு 24 கடவையில் 5,200 ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு 300 நாளில் பதினைந்து லட்சத்துக்கு மேல். எண்ணெய் மாற்றல், ஃபில்டர், எஞ்சின் ஓவர்ஹால் தனி. இதிலிருந்து பேட்டரிக்கான தவணையைக் கழித்து மீதி வந்தால் மேலே படியுங்கள். வராவிட்டால் எஞ்சினையே நல்லபடி வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டீசலையும் வைத்துக்கொள்வது

டீசலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் பலரும் நினைப்பதுபோல அரைமனது ஏற்பாடு இல்லை. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளிலேயே டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. பேட்டரியில் மட்டும் 8 நாட். ஜெனரேட்டரும் சேர்ந்தால் 10. ஹெல்சிங்ஓர் கப்பல்கள் 1990களின் தொடக்கத்தில் கட்டியவை. நாலாயிரத்துச் சொச்சம் யூனிட் பேட்டரி ஏற்றிய பிறகும் டீசலைக் காப்புக்கு வைத்திருக்கிறார்கள்.

எப்போது தேவை? வெள்ளம் வந்தால் வேறு வழித்தடத்துக்கு அனுப்பவேண்டிய படகு, உலர்துறைக்கு நீண்ட தூரம் ஓடிப்போகவேண்டிய படகு, மின்வெட்டு வழக்கமான ஊர். இவற்றுக்கு ஒரு சிறிய ஜெனரேட்டர் போதும். அது நேராக புரொப்பெல்லரைச் சுற்றாது, பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும். எப்போதும் தனக்கு உகந்த சுமையில் ஓடும். சப்ளை கப்பலில் நான் கண்டதும் இதுதான். மேடையருகே அசையாமல் நிற்கும்போது, ஒரு ஜெனரேட்டர் நின்றுபோனால் ஆபத்து என்று இரண்டைப் பாதிச் சுமைக்கும் கீழே ஓட்டிக்கொண்டிருப்போம். கரி படியும், டீசல் வீணாகும். இரண்டாவதன் இடத்தில் பேட்டரி நின்றால் ஒன்றை மட்டும் நல்ல சுமையில் ஓட்டலாம். கப்பல்களை இழுக்கும் டக் படகுகள் மாதிரி திடீர் இழுப்பு வேலைகளுக்கு எஞ்சினும் மோட்டாரும் ஒரே தண்டைச் சுற்றும் இன்னொரு வகை உண்டு, பயணிகள் படகுக்கு அது வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தவர் கேட்பது கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்கு தூரம் அரைக் கிலோமீட்டர்தான், காகிதத்தில் இதைவிடச் சுலபமான வழித்தடம் இல்லை. ஆனால் அது திறந்த கடல். கடல் கொந்தளித்தால் சேவையையே நிறுத்துகிற இடம். அலையில் துறையை அணைய ஒரே நொடியில் முழுத் திறன் வேண்டும். காயல் கணக்கைத் தூக்கி அங்கே வைக்கக்கூடாது. யூனிட் குறைவாகவும், கிலோவாட் தாராளமாகவும் தேவைப்படும்.

தீ, உப்பு, தண்ணீர்

2019 அக்டோபரில் நார்வேயில் 'இட்டெரேய்னிங்கன்' என்ற ஹைபிரிட் படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. தீ அடங்கியது என்று நினைத்தபின், தேங்கிய வாயு மறுநாள் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் பலரை மருத்துவமனைக்கு அனுப்பவேண்டி வந்தது. சூடாகும் லித்தியம் பேட்டரி எரியும் வாயுக்களை வெளிவிடும். மூடிய அறையில் அது தேங்கினால் வெடிகுண்டு. பேட்டரி அறைக்குத் தனிக் காற்றுப்போக்கி, வாயு கண்டுபிடிப்பான், பயணிகள் பக்கம் திறக்காத கதவு, இவை மூன்றிலும் பேரம் பேசாதீர்கள். பேட்டரியும் கட்டுப்பாட்டு அமைப்பும் தொடர்பில் இல்லாமல் படகை ஓட்டவேண்டாம் என்று அந்த விபத்துக்குப் பின் அங்கே எச்சரித்தார்கள். திரையில் செல் வெப்பநிலை வரவில்லை என்றால், மோட்டார் நன்றாகச் சுற்றினாலும் படகு கட்டிக் கிடக்கட்டும்.

எனக்கு அன்றாடம் வரும் போன் தீ பற்றியது இல்லை, எர்த் அலாரம், அதாவது மின்கசிவு எச்சரிக்கை பற்றியது. பல நூறு வோல்ட் டிசி, உப்புக்காற்று, மழை. மழைக்காலத்தின் முதல் வாரத்தில், கசிவைக் கண்காணிக்கும் இன்சுலேஷன் மானிட்டர் கத்த ஆரம்பிக்கும். அதன் பஸரை அடைத்துவிட்டு ஓட்டுவார்கள். அது கத்துவது எங்கோ ஒரு கிளாண்டில் (கேபிள் உள்ளே நுழையும் அடைப்பில்) தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொல்லத்தான். ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக்ஸைக் கழற்றாமல் மெகர் போட்டால் இன்வெர்ட்டர் போய்விடும், ஜாக்கிரதை. அநேகமாக அது மோட்டாரில் இருக்காது, மேல்தளத்து சார்ஜிங் சாக்கெட்டில் இருக்கும்.

புரொப்பெல்லரையும் மறக்கவேண்டாம். மோட்டார் மெதுவான சுற்றிலும் முழு முறுக்குவிசை தரும். அதனால் பெரிய விட்டம், குறைந்த சுற்று உள்ள புரொப்பெல்லர் போடலாம். பழைய எஞ்சினுக்கு அளவெடுத்ததை அப்படியே விட்டால் மிச்சமாகவேண்டியது தண்ணீரில் போகிறது. காயலில் ஆகாயத்தாமரை மண்டும் மாதங்களில் இலைகள் சிக்கி மின்னோட்டம் ஏறும். டீசலில் இது புகையாகத் தெரியும், இங்கே திரையில் ஓர் எண்ணாக மட்டும் தெரியும். தினமும் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் எத்தனை கிலோவாட் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் அடியில் போய்ப் பார்க்கவேண்டும்.

ஆட்களும் வெள்ளோட்டமும்

கேரளத்துப் பழைய படகுகளில் மேலே சிராங்கு மணிக்கயிற்றை இழுப்பார், கீழே எஞ்சின் அருகே டிரைவர் மணியைக் கேட்டு வேகம் மாற்றுவார். மின்படகில் லீவர் நேராகச் சிராங்கின் கையில். டிரைவருக்கு வேலை போய்விடும் என்ற பயம் வரும், அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு படகு நல்லபடி ஓடாது. சார்ஜிங், பேட்டரி அறை, தினக் குறிப்பு மூன்றையும் அவரிடம் ஒப்படையுங்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் ஆள் அவர். எண்களைப் பழகிவிட்டால் வெளியூர் இன்ஜினியரைவிட முந்திக் கண்டுபிடிப்பார்.

வெள்ளோட்டத்தை மாலையும் தேங்காயுமாக முடித்துவிடாதீர்கள். பயணிகள் எடைக்கு மணல்மூட்டை ஏற்றி, நேர அட்டவணைப்படி ஒரு முழு நாள் ஓட்டுங்கள். நடுவே ஒருமுறை சார்ஜரை வேண்டுமென்றே அணைத்து, அடுத்த சுற்று போய் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மோட்டாரை நிறுத்தி, எதிர்நீரில் துறை அணையமுடிகிறதா என்று பாருங்கள். இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கூடவே, கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகே தருவதாக ஒரு வரி சேருங்கள். கட்டுகிறவர் முனகுவார், மொத்த விலையில் பத்து சதவீதத்தை மட்டும் அப்படி நிறுத்திவைக்க இறங்கி வருவார். அதற்குச் சம்மதியுங்கள்.